கார்ல்ஸ்க்ரூனாவில் இரண்டு பாஸ்போர்ட்டுகள்

ஸ்வீடனுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் எல்லோரும் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிரெல்லாம் இல்லை, ஜூன் மாதம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயில் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். பேச்சை வளர்ப்பதில் எனக்கு என்றைக்கும் சோம்பல் கிடையாது. டீக்கடையில் நான் வாயைத் திறந்தால் டீ ஆறிவிடும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். ஆனால் அந்த ஊரில் என் இடுப்பில் கட்டியிருந்த பையைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசியதில்லை. மனைவியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையில் இரண்டு பாஸ்போர்ட் இருந்தன. ஒன்றுதான் என்னுடையது.

நான் வேலை பார்ப்பது ஃபைபர் படகு கட்டும் யார்டில். கண்ணாடி நார்த் துணியை அச்சில் விரித்து, ரெசினை ஊற்றி, ரோலரால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியே தள்ளுகிற வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கிலம் கற்றது ரெசின் டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில். அதனால் என் ஆங்கிலத்தில் 'ஜாக்கிரதை', 'தீப்பிடிக்கும்', 'கண்ணில் பட்டால் கழுவு' போன்ற சொற்கள் அதிகம். பத்தொன்பது வருஷத்தில் ஃபோர்மேன் ஆகிவிட்டேன். மனைவியும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். அவர்களுடைய விசா இரண்டும் என் விசாவில் தொங்குகின்றன.

என் கீழே இருந்த பதினோரு பேரில் வேலை சுத்தமான ஆள் ஒரு யாழ்ப்பாணத்துக்காரன். நாற்பது வயதை எட்டப் போகிறவன், கல்யாணம் ஆகாதவன், யார்டுக்குப் பின்னால் இருக்கும் கேம்ப்பில் இருந்தான். என்னை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவான். அவன் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் அவன் பக்கத்தில் போய் நிற்பது உண்டு. ரெசினில் இறுக வைக்கும் மருந்து கூடிப்போய்க் கொதித்துக் கட்டியானால் மற்றவர்கள் கெட்ட வார்த்தை சொல்வார்கள். அவன், "இதுவும் எங்கட ஆக்கள் போலதான் அண்ணை, ஆரோ சூடாக்கினா உடன இறுகியிடும்" என்பான். அப்படி யாராவது ஒரு வார்த்தையை அழகாகப் போட்டால் அதை போனில் குறித்து வைத்துக்கொள்வேன். எனக்கு அது ஒரு பழக்கம். குறிப்பில் பாதி அவன் சொன்னதுதான்.

அச்சின் மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்துக் கட்டி, காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசினைத் தானாக ஓடவிடும் புது முறையைக் கற்றுக்கொள்ள எங்கள் இருவரையும் கம்பெனி இரண்டு வாரத்துக்கு அனுப்பியது. ஸ்வீடனின் தெற்குக் கரையில் கார்ல்ஸ்க்ரூனா என்று ஒரு பழைய கடற்படைத் துறைமுகம். அதன் ஓரத்தில் சின்னப் படகுப் பட்டறை. அங்கே பயிற்சி.

கிளம்புவதற்கு முந்தின நாள் மந்தூப் கூப்பிட்டார். விசா, லேபர் கார்டு என்று அரசாங்க ஆபீஸ்களில் கம்பெனிக்காக அலைகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். கதவைச் சாத்திவிட்டு இரண்டு பாஸ்போர்ட்டையும் என் கையில் கொடுத்தார். பாஸ்போர்ட் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் லீவு முடிந்து வந்ததும் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்து நோட்டில் கையெழுத்துப் போடுவது எங்களுக்குச் செருப்பை வாசலில் கழற்றுவது மாதிரி. யாரும் கேட்க வேண்டியதில்லை, நாமே நீட்டிவிடுவோம். மந்தூப் இந்தியில் சொன்னார்: இமிகிரேஷனில் அவன் கையில் கொடு, அந்தப் பக்கம் போனதும் வாங்கிக்கொள். இரண்டும் உன் இடுப்பிலேயே இருக்கட்டும். ஐரோப்பாவுக்கு வெளியே நிற்கிற வரைக்கும்தான் கதவு, உள்ளே போய்விட்டால் கதவே கிடையாது. அவன் திரும்பி வரவில்லை என்றால் நீயும் வந்து என் முகத்தில் விழிக்காதே. கடைசியைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதைச் செய்யாமல் விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஸ்டாக்ஹோமில் இமிகிரேஷனைத் தாண்டியதும் நான் கையை நீட்டினேன். அவன் ஒரு யோசனையும் இல்லாமல் பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தான். தன் பாக்கெட் ஓட்டை, உங்களிடம் இருப்பதுதான் நல்லது என்று சிரித்தான்.

கார்ல்ஸ்க்ரூனா தீவுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். எந்தத் தெருவில் நடந்தாலும் தெரு முடிகிற இடத்தில் தண்ணீர் பளபளக்கும். தெருக்கள் தேவைக்கு மேல் அகலம், பட்டாளம் அணிவகுத்துப் போவதற்காகவே போட்டது போல. முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு ராஜா வெறும் பாறைத் தீவுகளைப் பார்த்து, கப்பற்படை இங்கேதான் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்காகத் தச்சர்களையும் கொல்லர்களையும் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கினார்களாம். ஊர் நடுவில் பெரிய சதுக்கம், இரண்டு சர்ச், ஒரு ராஜா சிலை. மனிதர்களைத்தான் தேட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கே சதுக்கத்தில் எங்கள் இருவரையும் கடற்பறவைகளையும் விட்டால் ஆளில்லை. எங்கள் நகீல் கடைத்தெருவில் ஒரு டீ குடிப்பதற்குள் எத்தனை பேர் தோளில் இடிப்பார்கள்!

பட்டறையின் பொறுப்பில் இருந்தவர் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. முழங்கை வரை ரெசின் தழும்பு. அவர் முதல் நாளே இரண்டு சாவிகளைக் கொடுத்தார், ஆளுக்கொன்று. பட்டறைச் சாவி. எப்போது வேண்டுமானாலும் வந்து பழகுங்கள் என்றார். அவர் போனதும் நாங்கள் இருவரும் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் யார்டின் சாவி என் கையில் இருந்ததில்லை.

முதல் வெள்ளிக்கிழமை மாலை. தங்கியிருந்த அறைக்குக் கீழே தண்ணீர் ஓரத்தில் ஒரு பெஞ்சு. மீன் டின்னைத் திறந்து சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் பாதியில் தட்டை மடியில் வைத்தான்.

"அண்ணை, ஒரு விசயம். ஞாயிறு விடியப் போயிட்டு இரவைக்கே வந்திடுவன். என்ர பாஸ்போர்ட்டை ஒருக்காத் தாங்கோ."

எங்கே என்று கேட்டேன். கோபன்ஹேகன் என்றான். இந்த ஊர் ஸ்டேஷனில் ஏறினால் மாறாமல் நாலு மணி நேரம். கடல் மேல் பாலம், அதற்கு அப்புறம் டென்மார்க். திரும்பும்போது பாலத்தில் போலீஸ் ஏறிப் பார்க்கும், பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தான்.

அங்கே அவன் அக்கா இருக்கிறாள். சண்டைக் காலத்தில் போனவள், அந்த நாட்டுப் பிரஜை ஆகிவிட்டாள். பிறகு அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டாள். அம்மாவை அவன் பார்த்துப் பதினொரு வருஷம். அம்மாவால் இப்போது வீட்டைவிட்டு வெளியே வர முடியாது, கால் இரண்டும் போய்விட்டன. அவன் வளைகுடாவிலிருந்து விசிட் விசாவுக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டான், இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். தனியாள், குடும்பம் இல்லை, திரும்பிப் போவான் என்று எப்படி நம்புவது என்பதுதான் அவர்கள் கணக்கு. இப்போது கம்பெனியே விசா எடுத்துக் கொடுத்துக் கொண்டுவந்து நாலு மணி நேரத் தூரத்தில் இறக்கிவிட்டிருக்கிறது.

"இதுக்காகத்தான் வாறன் எண்டு பேர் குடுத்தனீயா?" என்று அவன் பேச்சிலேயே கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவன் விளையாடவில்லை. "ஓம் அண்ணை" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன். யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? மகன் அம்மாவைப் பார்க்கப் போகிறான். ஆனால் என் மண்டைக்குள் ஓடியது வேறு. அக்கா அங்கே இருக்கிறாள், மொழி தெரிந்தவள், வக்கீல் தெரிந்திருக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்று சொல்வாள். எந்த மகன் எழுந்து வருவான்? நானாக இருந்தால் வருவேனா? வரமாட்டேன். அதை ஒப்புக்கொண்டதும் பயம் கூடியது. மகளின் பரீட்சை, வாடகை வீடு, மந்தூப்பின் சிரிப்பு. அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு மந்தூப்புக்கு போன் போட்டேன்.

அவர் என்ன சொல்வார் என்று தெரிந்தேதான் போட்டேன். அவர் சொல்லிவிட்டால் நான் சொன்னதாக ஆகாது, அதற்காகத்தான். அவர் அரை நிமிஷம்கூடப் பேசவில்லை. மாஃபி, கலாஸ். இல்லை, முடிந்தது.

கீழே வந்து, "ஆபீஸ்ல விடமாட்டேங்கிறாங்க தம்பி" என்றேன்.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவையளை ஏன் அண்ணை கேட்டனீங்கள்?"

அந்தக் கேள்வியை நான் போனில் குறித்து வைக்கவில்லை. குறிக்காமலே மனசில் கிடக்கிறது. நான் கேட்காமல் கொடுத்திருந்தால் ராஸ் அல் கைமாவில் ஒரு ஈ எறும்புக்கும் தெரிந்திருக்காது. கேட்டதால்தான் 'இல்லை' என்ற ஒன்று உண்டாயிற்று. அவனுக்கு அது உடனே விளங்கியது. எனக்கு விளங்க ஒரு ராத்திரி ஆனது.

சனிக்கிழமை பட்டறை அம்மா எங்களைப் பழைய கடற்படைத் தளத்துக்குள் கூட்டிப் போனார். உள்ளே இன்றைக்கும் கடற்படை இருக்கிறது. தனியாகப் போக முடியாது, வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் விடுவார்கள். வாசலில் ஒவ்வொருவரும் அடையாளம் காட்ட வேண்டும். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் சட்டையிலிருந்தும் கைப்பையிலிருந்தும் எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் முறை வந்தது. நான் சட்டையைத் தூக்கி, இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து நீட்டினேன்.

வழிகாட்டி வயதானவர், ஒரு காலத்தில் கப்பலில் இருந்தவராம். என்னுடையதைப் பார்த்தார். இரண்டாவதைத் திறந்து பார்த்துவிட்டு என் பின்னால் நின்றவனைப் பார்த்தார். என்னிடம் திருப்பித் தரவில்லை. என் தோளைத் தாண்டிக் கையை நீட்டி அவனிடம் கொடுத்தார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. கீழே விழுந்த பொருளை எடுத்து உரியவரிடம் கொடுக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பட்டறை அம்மா அப்போது என்னைப் பார்த்தார்.

உள்ளே கயிறு திரிக்கிற கட்டடம் ஒன்று இருக்கிறது. மரத்தால் கட்டியது, மஞ்சள் நிறம், அகலம் இல்லை, நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை கண்ணுக்குச் சிறுத்துப் போகிறது. பாய்மரக் கப்பலுக்கு வேண்டிய வடக்கயிற்றை ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாகத் திரிக்க வேண்டும், அதனால்தான் இத்தனை நீளம் என்றார் வழிகாட்டி. திரிக்கிறவர்கள் பின்பக்கமாகவே நடப்பார்களாம், நாள் முழுக்க. அவர் சொன்னதையெல்லாம் நான் காதில் வாங்கியது அரைகுறையாகத்தான். கண் முழுக்க அவன் மேல். அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்திருந்தான். அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். புகைப்படத்தில் இருக்கிற தன் முகத்தை ஒரு தடவை திறந்து பார்த்தான். பதினைந்து வருஷ வளைகுடா வாழ்க்கையில், லீவுக்கு ஊருக்குப் போன நாட்களை விட்டால், பாஸ்போர்ட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவன் நடந்தது அதுவரை அந்த முக்கால் மணி நேரம்தான் என்று பிறகு சொன்னான்.

வெளியே வந்தோம். கேட்டைத் தாண்டியதும் நான் கையை நீட்டிவிட்டேன்.

இதை எழுதும்போதுகூட அந்தக் கையை என்னுடையது என்று சொல்லச் சங்கடமாக இருக்கிறது. யோசித்துச் செய்யவில்லை. இமிகிரேஷன் தாண்டினால் வாங்கிக்கொள் என்ற பேச்சு கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வாசல் தாண்டியது, கை நீண்டது. அவன் என் கையைப் பார்த்தான், பட்டறை அம்மாவைப் பார்த்தான், பிறகு எடுத்து வைத்தான். நான் வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

திரும்பும் வழியில் சின்னச் சின்ன மர வீடுகள் இருக்கும் தெருக்கள் வழியாகக் கூட்டிப் போனார் அந்த அம்மா. பொம்மை வீடு மாதிரி, சிவப்பும் மஞ்சளும், கூரை கைக்கு எட்டும் உயரம். சன்னலில் பூந்தொட்டி. ராஜா கொண்டுவந்து இறக்கிய கப்பல் தச்சர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடுகளாம். கப்பலுக்கு வந்த மரத்தில் மிச்சம் மீதியை வைத்துக் கட்டினார்கள் என்றார். நான் பேச்சை இழுக்க நினைத்து, அப்போ இதுதான் அந்தக் காலத்து லேபர் கேம்ப் என்றேன். அந்த அம்மா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"கேம்ப்பெண்டா இரவைக்கு ஆக்களை எண்ணுவாங்கள் அண்ணை" என்றான்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. அவன் கட்டில் ஓரத்தில் குளித்து, சட்டை மாட்டி உட்கார்ந்திருந்தான். கேட்டால் கொடுத்துவிடுவது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். சத்தியமாக முடிவு செய்திருந்தேன். ஆனால் அவன் கேட்க வேண்டும், நான் கொடுக்க வேண்டும் என்று என் மனசு கறாராக நின்றது. அவன் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவனாகக் கிடந்தேன். ஆறு மணி ரயில் போயிருக்கும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கிடந்தேன்.

அவன் குளித்து உட்கார்ந்திருந்தது ரயிலுக்கு அல்ல என்பது பத்து மணிக்குத் தெரிந்தது. "அக்கா வாறா. ஸ்டேஷனுக்குப் போறன். நீங்களும் வாங்கோ, உங்களைப் பாக்க வேணுமாம்" என்றான். தான் வர முடியாதபடி வேலை இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை இரவே அவளிடம் சொல்லியிருக்கிறான். பாஸ்போர்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அம்மாவுக்கு ஆள் பிடித்து வைத்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறாள்.

ரயிலிலிருந்து இறங்கியவள் நரைத்த முடி, கண்ணாடி, கையில் இரண்டு பெரிய பை. அவனைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னடா கிழவனாப் போனாய்" என்றாள். அவன், "நீயும் குமரியாத்தான் இருக்கிறாய்" என்றான். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பையிலிருந்து புட்டு, பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு, சொதி என்று வந்துகொண்டே இருந்தன. எனக்குத்தான் முதலில் போட்டாள். தம்பி போனில் எப்போதும் உங்களைப் பற்றித்தான் கதைப்பான் என்றாள். யார்டில் புகை அடித்து மயங்கி விழுந்தபோது நான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதை எனக்கே மறுபடி சொன்னாள். அது நடந்ததுதான். அவள் சொல்லும்போது வேறு யாரோ செய்ததாகக் கேட்டது. நான் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி அவள் சொன்னாள்: "இஞ்ச கோடை எண்டது வாசலில நிண்டு கதைச்சிட்டுப் போற ஆள் மாதிரி, உள்ள வராது." வேறு நாளாக இருந்தால் உடனே போனை எடுத்திருப்பேன்.

போனில் அம்மாவைக் காட்டினாள். தலையணையில் சாய்ந்த சின்ன முகம். அவன் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் ஏதோ சொல்ல, அம்மா, எங்கே நிற்கிறாய், எவ்வளவு தூரம் என்று கேட்டார். நாலு மணி நேரம் அம்மா என்றான். அம்மா சிரித்தார். அப்படியென்றால் கிட்டத்தானே என்றார்.

மூன்றரைக்கு அவள் பையைக் கட்டினாள். நாலு மணி ரயில். எழுந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குக் கீழதானே வேலை. இண்டைக்கு ஒரு இரவு இவனை விடுங்கோவன். நாளைக்கு விடியத் திருப்பி அனுப்பிவிடுறன். அம்மா ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டும்."

அவன் அவசரமாக, வேலை இருக்கக்கா, இவரால் ஏலாது என்றான். எனக்காகத்தான் சொன்னான். என் மானம் போகாமல் இருக்க அவன் இரண்டு நாளாகக் கட்டிய பொய் அது. நான் பேசாமல் நின்றிருந்தால் அது என்னைக் காப்பாற்றியிருக்கும். அவள் அழுதுகொண்டு ரயில் ஏறியிருப்பாள், என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே.

நான் சட்டையைத் தூக்கினேன். ஜிப் சிக்கிக்கொண்டது. இழுத்துத் திறந்து, தப்பாக என்னுடையதை முதலில் எடுத்து, உள்ளே போட்டு, அவனுடையதை எடுத்துக் கொடுத்தேன். "போய்ட்டு வா தம்பி. நாளைக்கு நான் சமாளிச்சுக்கறேன்."

அக்கா அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"இது உங்களிட்டயோ இருந்தது?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். குழம்புச் சட்டி பெஞ்சிலேயே இருந்தது.

அன்று மிச்ச நேரம் முழுக்க அந்த ஊரில் நடந்தேன். சதுக்கம், பாலம், தச்சர்கள் வீடு, மறுபடி சதுக்கம். வெளிச்சம் போகவே மாட்டேன் என்றது. இருட்டினாலாவது போய்ப் படுக்கலாம். ஒரு பக்கம், இப்போது பாலத்தைத் தாண்டியிருப்பான், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்று நிம்மதியாக இருந்தது. மறுபக்கம், அவன் வராவிட்டால் மந்தூப்பிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் கோர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அவன் திருடன் ஆகிவிடுவான். கொடுத்தேன் என்று சொன்னால் எனக்கு வேலை போய், குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். இரண்டில் எதைச் சொல்வேன் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். முதலாவதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

திங்கள் காலை பட்டறை அம்மாவிடம், அவனுக்கு வயிறு சரியில்லை, மதியத்துக்குள் வந்துவிடுவான் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்க்கப் போயிருந்தால் வயிறு சரியாகிவிடும் என்றார். அவனே முந்தின வாரம் அவரிடம் சொல்லியிருக்கிறான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, என்னைத் தவிர.

பத்தேகாலுக்கு வாசலில் நின்றான். அதே சட்டை. கண் சிவந்திருந்தது. நான் பக்கத்திலிருந்த அச்சைப் பிடித்துக்கொண்டேன். வந்துட்டியா என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான். தட்டை வடை.

"அம்மா உங்களுக்கெண்டு தந்துவிட்டவ, சேர்" என்றான்.

சேர். என் கீழே இருந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் வாயிலிருந்து எனக்கு அது வந்ததில்லை. எங்கள் 'சார்'தான் அது, சூப்பர்வைசர்களை அவன் கூப்பிடுவது. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மரியாதையாகச் சொன்னான்.

மதியச் சாப்பாட்டின்போது நானே கேட்டேன், அம்மா எப்படி இருக்கிறார் என்று. சொன்னான். போய்ச் சேர எட்டு மணி தாண்டிவிட்டது. அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு மணிக்கு விழித்துத் தாடியைத் தடவிப் பார்த்து, எப்போது வந்தாய் என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினார். மறுபடி தூங்கிவிட்டார். ஐந்தரைக்கு இவன் கிளம்ப வேண்டும்.

வெள்ளி மாலையே கொடுத்திருந்தால் எத்தனை பகல் கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். அவன் போட்டானா தெரியாது.

"அக்கா போகாதே எண்டுதான் சொன்னவ" என்றான் பிறகு, வடையைப் பார்த்துக்கொண்டே. "வக்கீல் ஒராளோட கதைச்சும் வச்சிட்டா. எனக்கும் மனம் இல்லாமல் இல்லை. அம்மாதான், அந்த மனுசன் உனக்காக மாட்டுப்படும், போ எண்டு சொன்னவ."

அப்படியென்றால் என் பயம் பொய்யில்லை. அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பார்த்தே இராத ஒருவனுக்காக, பதினொரு வருஷம் கழித்து வந்த மகனை அரை மணி நேரப் பேச்சோடு திருப்பி அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. அவர் அனுப்பிய வடையில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். நொறுங்கியது. உறைப்பு. நன்றாகத்தான் இருந்தது.

மீதி நாட்கள் பாஸ்போர்ட் அவன் பாக்கெட்டிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை. வேலையைக் கருத்தாகக் கற்றான். பேச்சு வேலைப் பேச்சாக மட்டும் இருந்தது. விமானம் இறங்கி வெளியே வந்ததும் மந்தூப் வேனோடு நின்றிருந்தார். கையை நீட்டினார். என்னுடையதைக் கொடுத்தேன். அவனும் தன்னுடையதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அது ஏன் அவனிடம் இருந்தது என்பது போல மந்தூப் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என்னைக் காட்டி இந்தியில், இமிகிரேஷனுக்காக சார் இப்போதுதான் கொடுத்தார் என்றான்.

மந்தூப் என் முதுகில் தட்டினார். உன்னை நம்பி யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், அடுத்த தடவை நாலு பேர் போகிறார்கள், நீயே கூட்டிப் போ என்றார். நான் தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா, ஞாபகம் இல்லை. அவன் அதற்குள் வேனில் ஏறி முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எப்போதும் பின்னால் என் பக்கத்தில் உட்காருகிறவன்.